தொப்பியில் தங்கிய நீலம்

குளிர் தொடங்கியதும் அலமாரியில் முதலில் கைக்கு வருவது அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பிதான். காதோரம் மங்கலாக ஒரு நீலக்கோடு ஓடும். அத்தானின் அல்பாக்காவின் ரோமத்தில் அக்கா அத்தானுக்காகப் பின்னியது.

அத்தான் சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையொன்றிலிருந்து ஓய்வு பெற்றபின் ரொக்ஸ்பரோ வீட்டில் சும்மா இருக்கமாட்டாமல், நகருக்கு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்கி மூன்று அல்பாக்காக்களை விட்டார். ஒட்டகத்துக்குச் சொந்தம், பார்வைக்குக் கழுத்து நீண்ட செம்மறி. அவற்றோடு தமிழில்தான் கதைப்பார். "என்னோட ஒருநாளும் இவ்வளவு கதைச்சதில்லை," என்று அக்கா குறைப்படுவாள்.

அந்தப் பக்கத்து மான்களிடமிருந்து நத்தைகள் வழியாக ஒரு புழு புல்லுக்கு வரும். அல்பாக்காவின் வயிற்றுக்குள் போனால் முதுகுத்தண்டுவரை ஏறிப் பின்னங்கால்களை விழுத்திவிடும். மாதாமாதம் புழுமருந்து ஊசி போடும்படி மிருகவைத்தியர் சொல்லியிருந்தார். ஊசி குத்தும்போது அவை போட்ட கூச்சலை அத்தானால் தாங்க முடியவில்லை. மாட்டின் முதுகில் ஊற்றும் நீலநிறப் புழுமருந்தை வாங்கிவந்து, சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் வைப்பதுபோல ரோமத்தை நீவி நீவி ஊற்றினார். "நல்லெண்ணெயைத் தோல் குடிக்கிறேல்லையே பிள்ளை? இதையும் குடிச்சிடும்," என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு கோடையில் மூத்த வெள்ளை எழும்பவில்லை. கடைசியில் வைத்தியரே ஊசி போட்டு அதை நிரந்தரமாகத் தூங்க வைத்தார். "மாதம் தவறாமல் என்ர கையால மருந்து விட்டனான். அதுக்கு மேல விதி," என்று அத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். அந்த ஒரு பிடிதான் அவரை நடமாட வைத்தது.

நான் மருந்து ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். இரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளப்பதே என் பிழைப்பு. வைத்தியரைக் கொண்டு மற்ற இரண்டிலும் இரத்தம் எடுப்பித்துப் பார்த்தேன். இருக்கிறதென்று சொல்வதற்கே கூச்சமான அளவு. "இனி ஊசியே போடுங்கோ அத்தான்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டையும் காப்பாற்ற அது போதும். ஆனால் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு எனக்கு. தேத்தண்ணி மேசையிலேயே தொடங்கிவிட்டேன்.

"நீங்கள் ஊத்தினது உள்ளுக்குப் போகவே இல்லை அத்தான். இதுகளின்ர தோல் மாட்டுத்தோல் மாதிரி இல்லை. கனக்க ரோமத்திலயே நிண்டிட்டுது."

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் அதுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுறாய்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

அதன்பின் மாதாமாதம் ஊசி அவரே போட்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளு ராசா," என்பார். இரண்டும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. இறந்ததைப் பற்றி மட்டும் அவர் பிறகு ஒருவரிடமும் கதைக்கவில்லை. இறப்பதற்கு முந்திய வசந்தத்தில் கத்தரித்த அதன் ரோமத்தில் அக்கா பின்னிக் கொடுத்த தொப்பியை ஒருநாளும் போடவில்லை. "நீ போடு பிள்ளை. எனக்கு அந்த நீலத்தைப் பாக்கேலாது," என்று என் கையில் தந்தார். போன வருடம் அவரும் போய்விட்டார்.

இன்று காலை நான் இருக்கும் வில்லரேயில் பனி கொட்டியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன். நல்ல சூடு. அத்தான் அந்த உயிருக்கென்று ஊற்றியது என் காதோரம் இருக்கிறது. ஊசி போடுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம்.