அரைஞாணில் முடிந்த பென்டிரைவ்

சிக்கனத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று அப்போது எனக்கொரு நினைப்பு. மனைவியின் ஆராய்ச்சியைப் பத்திரப்படுத்த எதை வாங்கலாம் என்று தென்காசியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஹார்டு டிஸ்க் நாலாயிரத்துச் சொச்சம். கை தவறிக் கீழே விழுந்தால் போச்சு. டிவிடி இருபது ரூபாய்தான், ஆனால் அதைப் போட எங்கள் லேப்டாப்பில் இடமே கிடையாது. ஆன்லைனில் இடம் பிடித்தால் மாதா மாதம் வாடகை. பென்டிரைவ் முந்நூற்றைம்பது, சட்டைப்பையில் கிடக்கும். அதை வாங்கி, ஊரையே விலை பேசி முடித்தவன் மாதிரி அவளிடம் நீட்டினேன்.

பள்ளிக்கூட வேலைக்கு நடுவே, புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பற்றி ஐந்து வருடமாக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். முடித்த வாரம் லேப்டாப் படுத்துவிட்டது. எனக்குத் தெரிந்து, மிச்சம் இருந்தது அந்தப் பென்டிரைவ் மட்டும்தான். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலை பிரிண்ட் எடுத்து வர என்னை அனுப்பினாள்.

வெளியே சாரல். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எதிரே வந்த பால்காரர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போகிறவன் எங்கள் ஊரில் கிடையாது. கரையில் எதை வைத்தாலும் குரங்கு விடாது. பென்டிரைவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு அருவிக்குள் போய் நின்றேன். வெளியே வந்து இடுப்பைத் தடவினால் கயிறு இருந்தது, பென்டிரைவ் இல்லை.

பாறை இடுக்கெல்லாம் துழாவினேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி தேடுதீய, மோதிரமா?"

"பென்டிரைவ்."

"எவ்வளவு பெறும்?"

"முந்நூத்தம்பது."

"அதுக்கா இந்தப் பாடு? போற வழியில வேற ஒண்ணு வாங்கிருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, ஈர வேட்டியோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எழுத எழுத என் மெயிலுக்கே அனுப்பி வச்சிருக்கேன். மொதல்ல தலையத் துவட்டுங்க."

"அதுக்கு எவ்வளவு?"

"காசே கிடையாது."

போன உயிர் திரும்பி வந்தது. துவட்டி முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. "எப்பயிருந்து அனுப்புத?"

"நீங்க பென்டிரைவ் வாங்கிட்டு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிட்டேன். எப்படியும் தொலைச்சிருவீயன்னு தெரியும்."

திட்டுவாள் என்று பயந்துகொண்டே வந்திருந்தேன். அவள் திட்டாததுதான் வலித்தது.