வளத்தி வரும்வரை பார்க்கக் கூடாது

மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றும்போது வீரமணிக்கு இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். வலது கண் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். "இது இன்னா கணக்குன்னே தெரில சார்" என்று புறங்கையால் துடைத்துக்கொண்டு, அதே குச்சியை அடுத்த துவாரத்துக்குள் விடுவார். பிறகு சின்னக் குழாயில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் அதை முக்கிப் பிழிந்து, பிளாஸ்டிக் அட்டையின் குழியில் சொட்டுச் சொட்டாக விடுவார். இத்தனையும் நடப்பது வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லின் மேல் போட்ட பழைய கேரம் பலகையில். அமாவாசைக்கு மறுநாள் காலையில் செஞ்சியில் எங்கள் தெருப்பக்கம் வந்தால் யாரும் பார்க்கலாம். நான் எதிர்வீடு. பல் துலக்கிக்கொண்டே பார்ப்பேன்.

தனியார் பஸ்ஸில் கண்டக்டர் அவர். ஐம்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் தாண்டவில்லை. "உள்ள ஏறு, உள்ள ஏறு, படியில இன்னா வேலை உனுக்கு" என்று பஸ் ஸ்டாண்டில் கத்துவது கடைத்தெருவில் கேட்கும். வீட்டிலும் அதே பழக்கம்தான். வாசலில் படுத்திருக்கிற பூனையிடம்கூட "கொஞ்சம் முன்னாடி போ" என்றுதான் சொல்வார். அமாவாசைக்கு அவருடைய பஸ் மேல்மலையனூர் ஸ்பெஷலாகிவிடும். அங்காளம்மனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிற ஜனம், கையில் எலுமிச்சம்பழமும் மடியில் குழந்தையுமாக ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அத்தனை பேரின் தும்மலுக்கும் இருமலுக்கும் நடுவே புகுந்து புகுந்து டிக்கெட் கிழித்துவிட்டு, விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

வந்ததும் உள்ளே போக மாட்டார். அவர் மனைவி தனகோட்டிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் சிறுநீரகம் மாற்றினார்கள். சிங்கவரத்தில் இருக்கிற தனகோட்டியின் அக்கா கொடுத்தது. அடுத்தவர் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையே நோயை எதிர்க்கிற தெம்பையும் குறைத்துவிடும். வீரமணி இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "நமக்கு வந்தா சளி. அதுக்கு வந்தா ஆஸ்பத்திரி." கொரோனாவையும் ஃப்ளூவையும் ஒரே அட்டையில் காட்டுகிற கிட் டஜன் கணக்கில் அவர் பீரோவில் இருக்கிறது. பட்டுப் புடவை இருக்க வேண்டிய இடம்.

சொட்டு விட்டபின் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று கிட்டில் போட்டிருக்கிறது. வீரமணி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் விசில் ஊதி பஸ்ஸை எடுத்துவிடுவார். நிறுத்தம் நிறுத்தமாக ஆளை இறக்கி, ஏற்றி, சில்லறைக்குச் சண்டை போட்டு, மேல்மலையனூருக்கு முந்தி இருக்கிற வளத்தி வந்ததும் கண்ணைத் திறப்பார். "வளத்தி வரவரைக்கும் பார்க்கக் கூடாது சார். வளத்தி தாண்டியும் பார்க்கக் கூடாது. லேட்டா தெரியிற கோடு கணக்குல சேராது" என்பார். ஒரு தடவை நம்பாமல் என் செல்போனை வைத்து அளந்தேன். மனுஷன் சரியாகத்தான் ஓட்டினார். ஆனால் ஆடி அமாவாசைக்கு மனசுக்குள்ளும் டிராபிக் ஜாம் ஆகிவிட்டது. கண்ணைத் திறப்பதற்குள் அட்டை காய்ந்துபோய், இன்னொரு கிட்டைப் பிரித்து மறுபடி மூக்கைக் குடைந்தார்.

அந்தக் கால் மணி நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பழைய அமாவாசைகள் வந்துவிடும். தனகோட்டி அப்போதெல்லாம் தவறாமல் அவர் பஸ்ஸிலேயே மேல்மலையனூர் வருவார். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் துண்டை விரித்து அவருக்கென்று ஓர் இடம். டிக்கெட் கேட்டதில்லை, அவரும் வாங்கியதில்லை. யார் குழந்தை அழுதாலும் கை மாறி மாறி கடைசியில் தனகோட்டி மடிக்கு வந்துவிடும். விடியற்காலையில் கூட்டம் இறங்கிய காலி பஸ்ஸில், கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியில் இருவரும் புளிச்சோறு சாப்பிடுவார்கள். நானும் ஒருமுறை அந்த பஸ்ஸில் வந்திருக்கிறேன். கற்பூரமும் வேப்பிலையும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அன்றைக்கு எனக்குத் தலைவலிதான் வந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

"வாளில கடைசி வாய் யாருக்குன்னு ஒவ்வொரு தபாவும் சண்டை சார். இப்ப சொன்னா சிரிப்பீங்க" என்றார் வீரமணி. நான் சிரிக்கவில்லை.

சிரித்த கதை வேறு. கிட் வாங்கின புதிதில், பைக்குள் நசுங்கி மருந்துத் தண்ணீர் கொட்டிவிட்டது. தண்ணிதானே என்று தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டார் மனுஷன். கத்திக் கத்தித் தொண்டை போகாமல் இருக்க அவர் குடிக்கிற எலுமிச்சம்பழத் தண்ணீர் அது. அட்டையில் நோய் உண்டு என்கிற இரண்டு கோடு, மையில் இழுத்தது மாதிரி. அவ்வளவுதான். தெருவிலிருந்தே சத்தம் போட்டுத் தனகோட்டியை மாத்திரை டப்பாவோடு அக்கா வீட்டுக்கு அனுப்பினார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்துகொண்டு தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி நர்ஸம்மா போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, பாட்டில் விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டாராம். புளிப்பு பட்டால் பொய்க்கோடு விழும், குழாயில் இருக்கிற மருந்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று சொன்னாராம். தெருவே கொஞ்ச நாள் அவரை எலுமிச்சம்பழம் என்றுதான் கூப்பிட்டது.

அடுத்த தப்புக்கு யாரும் சிரிக்கவில்லை. போன மாசி மாதம், அமாவாசைக் கூட்டத்தோடு மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. வரும்போதே தொண்டையில் லேசாக முள் குத்துகிற மாதிரி இருந்திருக்கிறது. கிட் போட்டார். ஒரே கோடு. கிட் வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு அது. நோயைக் காட்டுகிற கோடு விழவில்லை. சந்தோஷமாக உள்ளே போய் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தன் உடம்பு கொதித்தபோது மறுபடி போட்டுப் பார்த்தால் இரண்டு கோடு. அதற்குள் தனகோட்டிக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா கொடுத்த சிறுநீரகமே போய்விடும் என்கிற நிலைமைக்குப் போய்த் திரும்பி வந்தார். வந்தபோது வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

வீரமணி அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "ஒரு கோடுன்னா இல்லைன்னு நெனச்சிக்கினேன் சார். இன்னும் தெரிலைன்னும் அர்த்தம் இருக்குதாமே." அதிலிருந்து தொண்டை கரகரத்தால் போதும், ஒரு கோடு வந்தாலும் உள்ளே போவதில்லை. இரண்டு நாள் விட்டு இன்னொரு கிட் போட்டு, அதிலும் ஒன்றே வந்து, தொண்டையும் சரியானால்தான் வாசப்படி ஏறுவார். அதுவரை, முன்னால் மாட்டுக்கொட்டகையாக இருந்து இப்போது காலியாகக் கிடக்கும் தகரக் கூரைக்குக் கீழேதான் படுக்கை.

போன அமாவாசைக்கு மறுநாளும் அப்படித்தான். வழக்கம்போல் கண்ணைத் துடைத்தார், வளத்தி வந்தது, அட்டையைப் பார்த்தார். ஒரே கோடு. ஆனால் மாஸ்க்குக்குள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்ததை நான் தெருவிலிருந்தே கேட்டேன். தனகோட்டியும் கேட்டிருப்பார். குளித்து, தலையில் பூ வைத்து, வாசற்படியில் நின்றிருந்தார்.

"ஒண்ணுதானே வந்துக்குது. உள்ள வா" என்றார்.

வீரமணி, நாளன்றைக்கும் ஒன்றே வரட்டும், அப்புறம் வருகிறேன் என்றார். வழக்கமாக இந்த இடத்தில் தனகோட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. எதிர்வீட்டில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீ தூரத்துல நின்னுக்கினு பார்க்கறதுக்கா எங்க அக்கா எனக்குக் குடுத்தா? உசுரு இருந்து இன்னாய்யா, ஒரு வாய் ஒண்ணா துன்ன முடியல."

தனகோட்டி உள்ளே போய் இரண்டு தட்டில் புளிச்சோறு போட்டு எடுத்து வந்தார். ஒன்றை வாசற்படியில் தனக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை அதை ஒட்டினாற்போல், தட்டும் தட்டும் இடிக்கிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்து, சாப்பிடாமல் காத்திருந்தார். உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன், போகவில்லை.

வீரமணி இரண்டு தட்டையும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தனகோட்டியின் சேலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார். குனிந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு, தன் மூச்சு அங்கே போகாதபடி, மனைவியிடமிருந்து தன் பக்கம் காற்று வருகிற திசையாகப் பார்த்து, முற்றத்தின் கோடியில் போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இன்னொரு முறை சேலையைப் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.