வாசலில் செருப்பில்லாத ஹால்

நான் இருக்கும் மால்டா தீவில் எந்த வாசலிலும் செருப்பு கிடப்பதில்லை. வீடு, மாதா கோயில், டாக்டர் அறை, எங்கே போனாலும் போட்ட ஷூவோடு உள்ளே நடந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் வாசலைப் பார்த்தாலே உள்ளே யார் யார், சம்பந்தி வந்துவிட்டாரா என்பதுவரை தெரிந்துவிடும். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு, இங்கே அது யாருக்கும் தெரியாமல் இருப்பது முதலில் பெரிய நிம்மதியாக இருந்தது. நான் பஸ் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் கையில் இருப்பது லைசென்ஸ் ஒன்றுதான். குடி அதையும் பறிக்கப் பார்த்தபோது, மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதல் நாள் பழக்கதோஷத்தில் ஷூவைக் கதவருகே கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு உட்கார்ந்தேன். கார்மெனு என்பவர் என் காலையே பார்த்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் பாதி வழியில் நின்றுபோகிறவை. கால் வலிக்கிறதா என்று கேட்கிறார் போலிருந்தது. மறுத்தால் பேச்சு வளருமே என்று "யெஸ்" என்றேன். அவர் எழுந்து போய் ஒரு சின்ன ஹீட்டரைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். கூட்டம் முடியும்வரை உள்ளங்கால் வெந்தது. அடுத்த வாரமும் நான் போனதற்கு அந்தச் சூடுதான் காரணம்.

போன லீவில் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் என் ஊர் படாளத்துக்குப் போனேன். மறுநாள் தங்கையின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் நான். பெட்டியை இறக்குவதற்குள் தங்கையின் கணவன் வந்து நின்றான்.

"இன்னா மச்சான், ஏர்போர்ட்ல இன்னா வாங்கியாந்த?"

சென்ட் பாட்டிலை நீட்டினேன்.

"இத்தக் குடிச்சா வாய்தான் மணக்கும். சரி வுடு, நாளைக்கு நானே ஏற்பாடு பண்றேன். தாய்மாமன் காஞ்ச வாயோட உக்காந்துகினு இருந்தா ஊரு இன்னா பேசும்?"

அவன் கெட்டவன் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பாட்டில் கொண்டுவருவது எங்கள் பக்கத்து மரியாதை. தங்கைதான் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, பெரியவளுக்குக் குத்தறப்போ போதையில உன்னால எழுந்துக்கவே முடியல. பங்காளி மடியில உக்கார வெச்சோம். இந்தத் தபாவாச்சும் உன் மடியில உக்காரட்டும்ணா."

பாதிச் சோற்றில் கை கழுவினேன். குடியை விட்டவர்கள் கூட்டம் இந்தப் பக்கம் எங்கே என்று போனை எடுத்துத் தேடினேன். செங்கல்பட்டிலேயே ஒரு கூட்டம் இருந்தது. ஆனால் அந்த வழியாகப் போகிற ஜிஎஸ்டி ரோட்டில் என்னைத் தெரியாத டீக்கடை கிடையாது. மாமல்லபுரத்தில் அன்று சாயங்காலம் ஒன்று, சர்ச்சுக்குப் பின்னால் ஹாலில். காலில் மால்டாவில் வாங்கிய ஆரஞ்சு ஷூ. அதை வாசலில் விட்டால் என் பேரை எழுதி ஒட்டியது மாதிரி. கழற்றிய ஷூவை உள்ளே எடுத்துப்போக ஒரு மஞ்சள் பையை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டாமல் போய்ச் சேர்ந்தேன். ஹால் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. எதிரே இளநீர் விற்றவரிடம் கேட்டேன்.

"அண்ணே, உள்ள கூட்டம் எதுனா நடக்குதா?"

"வாசலப் பாத்தா தெர்ல? ஒரு ஜோடி செருப்பு இல்ல, எவன் கீறான் உள்ள? நீ இன்னா கூட்டம் தேடற?"

"கல்யாணம்" என்று உளறினேன்.

"சாத்துன ஹால்ல எவன்யா தாலி கட்றான்!"

திரும்பி நடந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் மதுக்கடை திறந்திருந்தது. நாளைக்கு எப்படியும் மச்சான் ஊற்றத்தான் போகிறான், இன்றைக்கே குடித்தால் என்ன என்று மனசு பேச ஆரம்பித்தது. கால் அந்தப் பக்கம் போய்விட்டது. காசு எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டேன். மஞ்சள் பைதான் கையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செருப்பை வெளியே விடப் பயப்படுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தானா?

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். வட்டமாக நாற்காலிகள், ஆட்கள். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு பை. ஜவுளிக்கடைப் பை, சாப்பாட்டுக் கூடை, ஒருவருக்கு ஆபீஸ் பை.

"அண்ணாத்த, செருப்ப உள்ள எடுத்தாந்துரு. வெளிய வுட்டா இளநிக்காரன் எண்ணிப்புடுவான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்ததும், நாளைக்கு ஒரு குழந்தை என் மடியில் உட்கார வேண்டும், பயமாக இருக்கிறது என்றேன்.  

மறுநாள் மச்சான் கூல்டிரிங்ஸ் என்று கொடுத்த டம்ளரை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தேன். "இன்னா மச்சான், சாமியாரா பூட்டியா?" என்று கோபித்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை மொட்டைத் தலையால் என் நெஞ்சை முட்டிக்கொண்டு கத்தினாள்.  நான் பிடியை விடவில்லை.

தீவுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த லீவில் மச்சான் என்ன ஊற்றுவானோ என்று இப்போதே பயம். கூட்டத்துக்குப் போகிறேன், கார்மெனு ஹீட்டர் வைக்கிறார். மாமல்லபுரத்தில் ஒளித்து எடுத்துப்போன அதே ஆரஞ்சு ஷூவை இங்கே கீழ்த்தளக் கதவுக்கு வெளியே, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கழற்றி வைக்கிறேன். படாளத்துக்காரன் உள்ளேதான் இருக்கிறான் என்று அதைப் பார்த்துச் சொல்ல, இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.