புவனகிரிக் கருங்கல்

ஆசிரியர் பயிற்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பஜ்ஜிதான். சுனாமி வந்துபோன நாலைந்து வருடத்தில் கடலூரில் எங்களுக்கு ஐந்து நாள் நிலவியல் பயிற்சி நடந்தது. அதிலும் பஜ்ஜி மட்டும் நேரத்துக்கு வந்தது.

நான் அப்போது புவனகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாறைகள் பாடத்தின் கடைசியில், உன் ஊரில் கிடைக்கும் பாறைகளைச் சேகரித்து வா என்று ஒரு செயல்பாடு உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நம்மூர்ல எங்க தோண்டுனாலும் மண்ணுதான வருது, கல்லு ஏன் இல்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் கேட்டுவந்து சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் போனேன். ஆசையாகப் போனேன் என்பதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பயிற்சி கொடுத்தவர் எங்கோ கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். முதல் மூன்று நாளும் திரையில் இமயமலையையும் ஏதோ தேசத்து எரிமலையையும் காட்டினார். களத்துக்குப் போனால்தான் நிலவியல் என்று நாளுக்கு நாலு தடவை சொன்னார். நாலாம் நாள் களத்துக்குப் போனோம். கேப்பர் மலை. மலை என்று பெயர், பார்த்தால் செம்மண் மேடு. பஸ் நின்றது. அவர் இறங்கவில்லை. வெயிலாம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அதோ, படிவுப் பாறை. எல்லாரும் பாத்துக்குங்க" என்றார்.

எங்கள் கூட்டம் மட்டும் அவருக்குச் சளைத்ததா? பாதிப் பேர் சீட்டைவிட்டு எழவே இல்லை. இறங்கியவர்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள், பிறகு முந்திரி எங்கே மலிவு என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் கவனிப்பதே இல்லை என்று வருடம் பூராவும் ஸ்டாஃப் ரூமில் புலம்புகிறவர்கள் இவர்கள்தான்.

மேட்டை வெட்டிப் பாதை போட்டிருந்த இடத்துக்கு நான் தனியாக நடந்தேன். சிவந்த மணற்கல்லுக்கு நடுவே வரிவரியாக உருண்டைக் கூழாங்கற்கள். தண்ணீரில் உருண்டு வராமல் கல் அப்படி வழவழப்பாகாது. விளிம்பில் நின்று பார்த்தால், கீழே கெடிலம் ஆற்று வயல்கள் தட்டையாகக் கடல்வரை கிடந்தன. அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் ஊரில் கல் இல்லாமல் இல்லை. ஊரையொட்டி ஓடும் வெள்ளாறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில், எங்கோ ஆழத்தில் கிடக்கிறது. நாங்கள் நிற்கிற நிலமே ஆறு போட்ட நிலம். யாரும் சொல்லாமல் நானே கண்டுகொண்டதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கடைசி நாள் அவரவர் ஊர்க் கல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நான் காலையில் வெள்ளாற்றங்கரையில் வெட்டிய களிமண் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

மேசைமேல் வரிசையாகக் கற்கள் இருந்தன. பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று எந்த ஊர்ச் சீட்டைப் பார்த்தாலும் அதே கருநீலக் கல், அதே அளவு, அதே கூர்முனை. ரோடு போட லாரியில் வந்து இறங்குகிற ஜல்லி! எங்கள் பக்கத்தில் அம்மிக்கல்லே வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த வாத்தியார்கள், வந்திறங்கிய ஜல்லியைச் சொந்த ஊர்க் கல் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாவட்டத்தின் மேற்கே, வீட்டுக்குப் பின்னாலேயே பாறை உள்ளவர்கள்கூடத் தேடிப் போகச் சோம்பல்பட்டு ஜல்லியையே கொண்டுவந்திருந்தார்கள்.

பயிற்சியாளர் எல்லாவற்றையும் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, நம்ம மாவட்டம் பூரா கருங்கல்தான்!"

பிறகு என் பையைத் திறந்தார். "இன்னா மேடம், கல்லு கேட்டா மண்ண அள்ளியாந்துருக்கீங்க?"

"எங்க ஊர்ல இதுதாங்க சார் இருக்கு. கல்லு அடியில..."

"ஃபார்ம்ல கடினம், பளபளப்புன்னு கட்டம் போட்டிருக்கு. இதுக்கு இன்னா எழுதுவீங்க? போட்டோ மேலிடத்துக்குப் போவணும். கல்லு வெச்சாத்தான் சர்டிபிகேட்."

ஜல்லிக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்து ஊர்க் கணக்கு வாத்தியார் மட்டும் அருகில் வந்து, "வாசல்லயே ஜல்லி கொட்டிக் கெடக்கு டீச்சர். ஒண்ணு பொறுக்கியாந்து வெச்சிட்டு வாங்க, பஸ்ஸு போயிடும்" என்றார்.

செவிடன் காதில் எவ்வளவு நேரம் சங்கு ஊதுவது? வெளியே போய் ஒன்றைப் பொறுக்கினேன். குழாயடியில் கழுவி, 'புவனகிரி, கருங்கல்' என்று முத்துமுத்தாகச் சீட்டெழுதி வைத்தேன். களிமண்ணை ஒரு பூந்தொட்டியில் கொட்டினேன். சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் உண்மையைத்தான் சொன்னேன். ஆறு, வண்டல், அடியில் கிடக்கும் பாறை எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் போட்டே சொன்னேன். அந்தப் பெண் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதத்தில் எங்கள் கற்களை வைத்துத் தயாரித்த மாவட்டப் பாறை வரைபடம் பள்ளிக்கு வந்தது. அதில் மாவட்டம் பூரா கருங்கல். ஓரத்தில் அந்த மேசையின் போட்டோ. என் கையெழுத்து அதில் பளிச்சென்று தெரிந்தது. தலைமையாசிரியர் அதை எட்டாம் வகுப்பிலேயே மாட்டினார். அரையாண்டுத் தேர்வு வினாத்தாளில், உன் பகுதியில் காணப்படும் பாறை எது என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் கருங்கல். வகுப்பு முழுதும் சுவரைப் பார்த்தே கருங்கல் என்று எழுதியிருந்தது. அவள் மட்டும், பாறை ஆழத்தில் உள்ளது, மேலே இருப்பது வெள்ளாறு கொண்டுவந்த வண்டல் என்று எழுதியிருந்தாள்.

அதற்கு மதிப்பெண் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்தச் சீட்டை எழுதியவள் யார் என்றும் சொல்ல வேண்டும். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.

"நீங்கதான டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"சுவத்துல இன்னா போட்டிருக்குன்னு பாரு" என்றேன்.

தப்பான விடையைத் திருத்திப் பத்துத் தடவை எழுதிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் வழக்கம். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள். கருங்கல், கருங்கல் என்று பத்து வரி. ஒன்றில்கூடப் பிழையில்லை. 'சரி' என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டேன்.