சடையன் வயிற்றில் வளர்ந்தது

பெரிய நர்ஸ் கஸ்தூரி அக்காதான் இதை எனக்கு முதலில் சொன்னது. கடைசி மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நான் சேர்ந்த அன்று. "குடல்ல ஆபரேஷன் கத்தி பட்டவங்களுக்குக் கஞ்சி காய்ச்சறவ, அடுப்பைவிட வயித்தத்தான் ஜாஸ்தி பாக்கணும் பாயம்மா." நோயாளியின் கட்டில் பக்கத்தில் டம்ளரும் கையுமாக உட்கார்ந்து பழகிய உங்களுக்கு அது புரியும்.

பூட்டின வயிறு

கல்வராயன் மலையிலிருந்து சடையன் என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடல் முறுக்கிக் கறுத்துப்போய், பாதிக்கு மேல் வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. வயிற்றுக்குள் சத்தம் கேட்ட பிறகுதான் வாய்க்குக் கஞ்சி என்றார் டாக்டர். காதுக் குழாயை வயிற்றில் வைத்து வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. உயிருள்ள வயிறு அப்படி அடங்கிக் கிடந்து நான் பார்த்ததில்லை. சடையனின் மனைவி செல்லி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "உள்ள யாரோ மூச்சப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்காங்க."

கொத்தனாரும் செங்கல்லும்

அல்லாஹ்வின் கிருபையால் சத்தம் வந்தது, கஞ்சியும் போனது. ஆனால் மிச்சமிருந்த குடல் குட்டை. உள்ளே போனது உடம்பில் ஒட்டாமல் ஓடியது. ஐஸ் பெட்டியில் ஹார்மோன் ஊசி வந்தது. "மிச்சக் குடல் இனிமே உள்ள வளரும்" என்றார் டாக்டர். செல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் சேர்த்து, சிறுகச் சிறுகச் செல்லி கையில் கஞ்சி கொடுத்து அனுப்பினேன். கிண்ணம் வழித்த மாதிரி திரும்பி வரும். ஆளோ தேய்ந்துகொண்டே போனார். இப்படியே போனால் பிழைக்க மாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. இவ்வளவு ஊசி போட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன். "ஊசி கொத்தனாரத்தான் கூட்டிகினு வரும். செங்கல்லு உங்க கஞ்சிதாம்மா."

காக்கை தொடாத கஞ்சி

மத்தியானம் பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் அகலமான ஒரு மலை இலை, எங்கள் ஊர்ப் பக்கம் அந்த மரம் கிடையாது. அதில் நான் காய்ச்சின கஞ்சி. மதில் மேல் வரிசையாகக் காக்கைகள். ஒன்றும் இறங்கவில்லை, கத்தவுமில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தன.  பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸீயை ஓதிக்கொண்டே நின்றேன்.

மரத்துக்குப் பின்னாலிருந்து செல்லி எழுந்து வந்தாள். புதுக் காடு திருத்தும் முன்பு, அங்கே ஏற்கெனவே குடியிருப்பது வழிவிடட்டும் என்று அதற்கு முதல் பங்கு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். புருஷனுக்குள்ளும் ஒன்று குடியேறிவிட்டது என்று பயந்து, அவர் கஞ்சியை எல்லாம் இங்கே வைத்து அதை வெளியே கூப்பிட்டிருக்கிறாள். "அறுத்த குடலு எங்கனா வளருமா பாயம்மா? வளர்றது வேற ஒண்ணு. அவருக்கு ஊட்டினா அதில்ல தின்னு பெருகும்?"

காது வைத்தவள்

 அவளைக் கட்டிலுக்குக் கூட்டிப்போய், சடையன் வயிற்றில் தையலுக்குத் தள்ளிக் காதை வைக்கச் சொன்னேன். பிஸ்மில்லா சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். கிண்ணம் பாதியாயிற்று. பிறகு, "மொத மழைக்கு ஓடையில தண்ணி எறங்கறாப்புல கீது" என்றாள்.

சடையன் காய்ந்த உதட்டைத் திறந்தார். "இன்னாடி, பசியில கெடக்கறவன் வயித்துல ஒட்டுக் கேட்டுகினு கீற?" செல்லி தலையைத் தூக்காமலே என்னிடம் சொன்னாள்: "வேற ஆரும் இல்ல பாயம்மா. இவருதான்."

மலை இலை

சடையனுக்குக் கன்னத்தில் சதை பிடித்து, ஊசியும் முடிந்து, இருவரும் மலைக்குத் திரும்ப வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். போகிறவரைக்கும் செல்லி ஒரு கரண்டி மட்டும் மரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் எதுவும் வைப்பதில்லை. ஆனால் குடல் ஆபரேஷன் ஆன ஒருவர் வந்து, அவர் வயிறு பேசாமல் கிடக்கிற அன்றைக்கெல்லாம், மரத்தடியில் அதே மலை இலை பச்சையாகக் கிடக்கிறது. வெறும் இலைதான். ஒருநாள், பெருக்குகிற அஞ்சலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தாள்: "அது எல போட்டுகினு கஞ்சிக்கு ஒக்காந்துட்டுது பாயம்மா. நான் கூட்டமாட்டேன், நீயே கூட்டிக்க."

படையல் எங்களுக்கு ஆகாது, நான் வைப்பதில்லை. கஞ்சி மட்டும் என்னவோ அன்றைக்கெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாகவே ஆகிவிடுகிறது. நீங்கள் யாரையாவது பார்க்கப் பின்வாசல் வழியாக வந்தால், அந்த இலையை மட்டும் மிதிக்காமல் வாங்க.