பதினொரு கட்டமும் ஓர் ஆணியும்

ராயபுரத்து ஐரீன் அக்கா, எர்ணாவூர் தொழிற்சாலையின் உதிரிபாக ஸ்டோரில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தார். அவர் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த நான் அங்கே ஆறு வாரம் தற்காலிகம். அதற்குள் ஸ்டோரைத் திருத்த என்னால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

1973இல் மேனேஜர் அருள்பிரகாசம் சார் எங்களைக் கூப்பிட்டார். ஒரு பேரிங் தேடவே அரை நாள் ஆகிறது. யாருடைய புது ஏற்பாடு பலிக்கிறதோ அவருக்கு நிரந்தர வேலை என்றார்.

நான் மூன்று நாள் வரைபடம் போட்டேன். பதினொரு கட்டம் உள்ள படிவம், பாக எண் வரிசை, சிவப்பு மையில் அம்புக்குறிகள். திங்கட்கிழமை காலை பழையதை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது என் திட்டம். மிஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் வரைபடம் அசிங்கமாகிவிடும்.

அக்கா எதுவும் வரையவில்லை. "மொதல்ல ஒரு அலமாரி சார். ஃபிட்டருங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டு, மாத்திக்கினே அடுத்ததுக்குப் போலாம்" என்றார்.

சார் ஸ்டோரைப் பிரித்தார். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அக்காவுக்கு. பதினைந்து நாள் கெடு.

முதல் நாளே ஃபிட்டர் ஜெயவேல் உடைந்த பேரிங்கை என் மேஜையில் வைத்தார். உடைந்ததை வைத்தால் புதியது வேண்டும் என்று பொருள். அதுதான் அங்கே வழக்கம். நான் படிவத்தை நீட்டினேன்.

"இன்னா நைனா இது?"

"பாக எண் எழுதுங்கண்ணே."

"நம்பரு தேஞ்சி பூட்ச்சி. கையெல்லாம் கிரீஸு. அங்க மிஷின் நின்னுகினு கீது, இங்க பரீட்சை எய்த சொல்றியா?"

அவர் கட்டைவிரல் கிரீஸ் ஏழு கட்டங்களை மறைத்தது. மீதி நான்கை நான் நிரப்பினேன், தவறாக. இரண்டு மணி நேரம் கழித்து அவருக்குக் கிடைத்தது ஒரு பம்ப் வாஷர்.

அக்கா தம் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஆணியடித்து, உடைந்த பாகத்தையே மாட்டினார். கையிலிருப்பதை அதோடு ஒத்துப்பார்த்தால் போதும். ஒன்றுபோல இருந்த இரண்டு பேரிங்குகளில் அவரும் ஒருமுறை ஏமாந்தார். ஃபிட்டர்கள் சொன்னதும் மறுநாளே ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்.

பதினைந்தாம் நாள் என் பக்கம் வந்தவர் ஃபிட்டர் துரை ஒருவர்தான். கை துடைக்கப் படிவம் கேட்டார்.

அக்கா நிரந்தரமானார்.

"கையெய்த்து நல்லா கீது வால்டர். ஆணியில மாட்ட அட்டை நீயே எய்து. இன்னா எய்தணும்னு ஜெயவேல் அண்ணனக் கேட்டுக்கோ" என்றார்.

கேட்டேன். ஜெயவேலுக்குத் தேவைப்பட்ட விவரம் ஒன்றுதான்: எந்த மிஷினுக்கு உரியது. என் பதினொரு கட்டங்களில் அது இல்லை.