மழை நாளில் மூன்று கிலோ

விஜயலெட்சுமியக்காவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அதை மறைக்க ஒன்றுமில்லை, அவருக்கே தெரியும். தேயிலைத் தோட்டத்து மக்களின் மனநலம் பற்றிய ஆய்வொன்றுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கப் பதுளையில் ஆள் எடுத்தார்கள். உளவியலில் டிப்ளோமா முடித்த இரண்டு பிள்ளைகள் காத்திருக்க, ஆய்வை நடத்தும் டொக்டர் நளீரா தெரிந்தெடுத்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணை. நான் அந்தக் காரியாலயத்தில் தரவுகளைக் கம்பியூட்டரில் பதிகிறவள். பஸாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் பஸீலின் மகள் றிஸ்னி என்றால் தெரியும். புள்ளிவிபரம் படித்தவள் என்ற மிதப்பு வேறு. "இவங்க எழுதிட்டு வாறதத் திருத்தவே என்ட காலம் போயிரும்" என்று உம்மாவிடம் புறுபுறுத்தேன்.

ஒரே வாரத்தில் என் வாய் அடைந்துபோனது. மற்றவர்கள் நாளுக்கு ஐந்து படிவம் கொண்டுவந்தால் அவர் ஒன்பது கொண்டுவந்தார். ஒரு கட்டம் விடுபடவில்லை, எழுத்து முத்து முத்தாக இருந்தது. கூடவே எனக்கு ஒரு பை பேரிக்காய். லஞ்சம் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. மகள் தனுஜா ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்காகத் தோட்டத்துப் பதிவிலிருந்து தன் பெயரை வெட்டிவிட்டு வந்திருந்தார். ஆறு மாத வேலைதான்; நன்றாகச் செய்தவர்களுக்கு அடுத்த கட்டத்தில் இரண்டு வருடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தை நம்பித்தான் அவர் மலையை விட்டு இறங்கினார்.

எங்கள் படிவம் ஆங்கிலத்தில் பிறந்து, கொழும்பில் தமிழாகி, பதுளைக்கு வந்து சேர்ந்த ஒன்று. அதன் முக்கியமான கேள்வி இது: "கடந்த இரு வாரங்களில் உமது உளத்துயரின் அளவைப் பூச்சியம் முதல் பத்து வரையான எண்ணொன்றால் குறிப்பிடுக." லயத்து வரிசை வீடுகளில் இதைக் கேட்டதும் பெண்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். துயரத்துக்கு நம்பர் உண்டா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவிடம் குரல் கொடுத்து, "நமக்கு எத்தனன்னு போடச் சொல்ல?" என்று விசாரித்தார்.

விஜயலெட்சுமியக்காதான் வழி கண்டுபிடித்தார். "கொழுந்து நிறுக்கிற மாதிரி நெனச்சிக்கங்க. மனசுல இருக்கிற பாரத்தத் தராசுல போடுறோம். பத்துக் கிலோ வரைக்கும் போகும். ஒங்களுது எத்தன கிலோ?" அதற்குப் பிறகு ஒருவரும் விழிக்கவில்லை. டக்கென்று பதில் வந்தது. டொக்டர் நளீரா இதைக் கேள்விப்பட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். அடுத்த கட்டத்தில் ஊவாவின் எல்லாத் தோட்டங்களிலும் இப்படித்தான் கேட்கப் போகிறோம் என்றார்.

மொத்தம் இருநூற்றிப் பன்னிரண்டு படிவங்கள். சராசரி ஏழுக்கு மேல் வந்தது. நான் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். மழை பெய்த நாட்களில் கேட்ட படிவங்களில் பாரம் சரியாக ஒன்று கூடியிருந்தது. மழைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு! கட்டுரையில் என் பெயரும் வரும் என்றார் டொக்டர். உம்மா அன்று இனிப்புக்கு வட்டிலாப்பம் செய்தார், வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, யாரோ கையெழுத்துப் போட மறந்திருந்த படிவமொன்றுக்காக அக்கா மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். மலையில் அவருக்குப் பக்கத்து நிரையில் பறித்துப் பழகிய கருப்பம்மா தராசுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஏன் விஜயா, எங்களுக்கெல்லாம் எவ்வளவு கழிச்ச?"

"என்னத்தக் கழிக்கிறது?"

"பாரத்துலதான். நான் ஏழுன்னு சொன்னேன். ரெண்டு கழிச்சா அஞ்சு. அஞ்சுதான் எனக்குச் சரி."

"நான் ஒண்ணுமே கழிக்கலையே. சொன்னத அப்படியே எழுதுனேன்."

கருப்பம்மா வாயில் கையை வைத்தார். "தராசுன்னு சொன்னியேடி. கழிக்காத தராசு எந்தத் தோட்டத்துல இருக்கு? நாங்கெல்லாம் கழிவுக்குச் சேத்துல்ல சொன்னோம். மழ நாள்ல மூணு."

விஷயம் இவ்வளவுதான். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். மழை என்றால் மூன்று. தராசு என்றதும், அக்காவும் அப்படிக் கழிப்பார் என்று பெண்கள் புத்தியாக அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தராசைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அக்காவும் சிரித்திருக்கிறார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எழுதிக் கொடுத்த அத்தனை படிவமும் பிழை என்று உறைத்திருக்கிறது.

நேரே என்னிடம் வந்தார். கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வட்டிலாப்பம்தான். எரிச்சலில் காது சுட்டது.

"அக்கா, இது ஒருத்தருக்கும் தெரியாது. பேசாம விடுங்க," என்றேன். "சொன்னீங்கண்டா அடுத்த வேல ஒங்களுக்கு இல்ல."

"அது தெரியும் மிஸ். பஸ்ஸுல வரும்போதே தனுஜாவோட டியூசன நெனச்சேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஆனா எங்க தோட்டந்தான் ஊவாவுலயே பெரிய அழுமூஞ்சித் தோட்டம்னு புத்தகத்துல வந்துருமே. நாளைக்கு எங்க புள்ளைங்களப் பொண்ணு பாக்க வர்றவன் அதப் படிச்சான்னா?"

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேல் எனக்கிருந்த பிடிக்காமை அந்த நிமிடத்தோடு தொலைந்தது.

மறுநாள் காலை டொக்டர் நளீராவின் முன்னால் எழுந்து நின்று, ஒன்று விடாமல் சொன்னார். தராசு தன் யோசனை என்பதையும், பிழை தன்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார். டொக்டர் படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் குறுக்கே பாய்ந்தேன். "கம்பியூட்டர்ல எல்லாத்துலயும் ரெண்டக் கழிச்சிரலாம், டொக்டர். மழை நாளுக்கு மூணு. அஞ்சு நிமிச வேல."

"எல்லாரும் சேத்தாங்கண்டு எப்படித் தெரியும்? சேக்காத ஆளும் இருக்கலாமே," என்றார் டொக்டர். இருநூற்றிப் பன்னிரண்டும் செல்லாது.

"அப்ப நான் மலைக்கே போயிரவா, டொக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"பதினாறு வருசமா இந்த வேல செய்றன். படிவம் பிழையெண்டு வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்." டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "அப்ப மத்ததெல்லாம் சரியாத்தான் இருந்திச்சா?"

அன்று பின்னேரமே அக்காவுக்கு இரண்டு வருட வேலை உறுதியானது. படிவம் நிரப்பும் வேலையாக அல்ல. கேள்விகளை ஆக்கும் இடத்திலேயே அவர் உட்கார வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த படிவம் கொழும்பில் பிறக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே, வேலை முடிந்து வந்த பெண்கள் ஆளுக்கொன்று சொல்லச் சொல்லப் பிறந்தது. தூக்கம் வந்ததா, சோறு இறங்கியதா, கடைசியாக யாரோடு சிரித்தீர்கள். நம்பரும் இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட அது வேண்டும் என்று டொக்டர் பிடிவாதமாக நின்றார். "இதையெல்லாம் எழுதிட்டா பாரம் கொறஞ்சிருமா?" என்று கருப்பம்மா நேராகவே கேட்டார். "கொறையாது. யாருகிட்ட எவ்வளவு இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான்," என்றார் அக்கா. டொக்டரும் அதை மறுக்கவில்லை.

மறுபடி இருநூற்றிப் பன்னிரண்டு பேரிடமும் போனோம். இந்த முறை நானும் போனேன். எங்களைக் கண்டதுமே, "கழிவு இல்லாத தராசு வருது," என்று லயத்துக்கு லயம் குரல் கொடுத்தார்கள். தேத்தண்ணி குடித்தே எனக்கு வயிறு நிரம்பியது. ஏழு சொன்னவர்கள் ஐந்து சொன்னார்கள், ஆறு சொன்னவர்கள் நான்கு. சராசரி ஐந்துக்கு இறங்கியது. மழையில் நனைந்துகொண்டே கேட்டோம், மழைக்கு ஒன்றும் கூடவில்லை. என் கண்டுபிடிப்பு ஒழிந்ததில் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பதினொரு பேருக்கு மட்டும் இறங்கவில்லை, ஏழிலும் எட்டிலும் அப்படியே நின்றார்கள். அவர்களில் ஒருவர் கீழ்லயத்துப் பெண். போன தடவையும் எட்டு, இந்தத் தடவையும் எட்டு.

"கழிவு கெடையாதுங்க," என்று அக்கா மறுபடி நினைவுபடுத்தினார்.

"அன்னைக்கும் நான் சேக்கல," என்றார் அந்தப் பெண்.

அக்கா பேனாவை மூடிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை அவரைப் பதுளைக்குக் கூட்டிவந்து மனநலக் கிளினிக்கில் காட்டினார். மற்றப் பத்துப் பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். நாலு மாதமாகிறது. அந்தப் பெண் இப்போது கிளினிக் முடிந்ததும் எங்கள் காரியாலயத்துக்கு வருகிறார், என் மேசையில் உட்கார்ந்து பேரிக்காய் நறுக்குகிறார், இவ்வளவு பெரிய கம்பியூட்டருக்கு மழையும் தெரியாதா என்று என்னை நக்கலடிக்கிறார். நானும் சளைக்காமல் திருப்பிக் கொடுக்கிறேன்.

அன்று நான் சொன்னபடி எல்லாருக்கும் இரண்டைக் கழித்திருந்தால் அவர் ஆறு ஆகியிருப்பார். ஆறைத் தேடி நாங்கள் யாரும் கீழ்லயத்துக்கு இறங்கியிருக்க மாட்டோம்.